செம்மறிக்கு ரோமம் வெட்டுறதும் கழுவாத கம்பளியோட மதிப்பும்: முழு வழிகாட்டி

வெட்டின கம்பளிய கைக்கு கிடைச்ச சாக்குல திணிச்சு ஒரு மூலையில போட்டு, அடுத்த வருஷம் பூச்சி அரிச்சதும் தூக்கிப் போட்டு எரிக்கிறவங்கள நிறைய பாத்திருக்கேன். கேட்டா கம்பளிக்கு எங்க விலை கிடைக்குதுன்னு சொல்லுவாங்க. அதுல பாதி உண்மைதான், முரட்டுக் கம்பளிக்கு பல சமயம் வெட்டுக்கூலி கூட திரும்பி வராது. மீதிப் பாதி நாம கெடுத்துக்கிறது. ஈரத்தோட வெட்டி, ஒரே இடத்துல ரெண்டு தடவ மெஷின ஓட்டி, வயித்து முடி, புழுக்கை ஒட்டின முடி, முதுகு முடி எல்லாத்தையும் ஒரே மூட்டையில அமுக்கி, பிளாஸ்டிக் கயிறால கட்டிக் கொண்டுபோனா எந்த வியாபாரியும் கையில எடுத்துப் பாக்கவே யோசிப்பான். அதனால வெட்டுறத தனி வேலையாவும் விக்கிறத தனி வேலையாவும் பிரிக்காம, ஒரே கதையா சொல்லப்போறேன், ஏன்னா கம்பளியோட விலையில பெரும்பகுதி ஆடு உங்க கால் நடுவுல உக்காந்திருக்கிற அந்த சில நிமிஷத்துலயும், அதுக்கு முந்தின நாளுலயும்தான் முடிவாகுது.

ஏன் வெட்டியே ஆகணும், எப்போ வெட்டணும்

காட்டு செம்மறிக்கு வருஷா வருஷம் முடி தானா உதிரும், சோயே மாதிரி பழைய இனங்களுக்கு இப்பவும் உதிருது, டார்ப்பர் மாதிரி கம்பளி தானா உதிர்ற ஆடுகளுக்கும் பெரும்பாலும் வெட்டு வேலை இல்ல. ஆனா மனுசன் கம்பளிக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளத்த இனங்களுக்கு முடி நிக்காம வளந்துகிட்டே இருக்கும். 2015ல ஆஸ்திரேலியாவுல கான்பெராவுக்குப் பக்கத்துல, கூட்டத்த விட்டு ஓடிப்போய் பல வருஷம் வெட்டாம திரிஞ்ச, மெரினோங்கிற மென்கம்பளி இனத்து ஆடு ஒண்ணு கிடைச்சுது, கிறிஸ்னு பேர் வெச்சாங்க. அதோட உடம்புல இருந்து ஒரே தடவையில எடுத்த கம்பளி 41.1 கிலோ. அவ்ளோ பாரத்தோட அது உயிரோட இருந்ததே பெரிய விஷயம். வெட்டாம விட்டா வெயிலுல மூச்சு வாங்கும், மழையில நனைஞ்சா எழுந்திரிக்க முடியாம கவுந்து கிடக்கும், பின்பக்கம் புழுக்கையும் மூத்திரமும் ஊறி ஈ முட்டை வெச்சு புழு பிடிக்கும். புழு பிடிச்ச ஆட்ட ஒரு தடவ பாத்தவங்க அதுக்கப்புறம் வெட்டுற நாள தள்ளிப்போட மாட்டாங்க.

பொதுவா வருஷத்துக்கு ஒரு வெட்டு, வேகமா வளர்ற இனத்துக்கு ரெண்டு. ரெண்டா பிரிக்கிறதுக்கு முன்னாடி முடியோட நீளத்த பாத்துக்கங்க, நீளம் பத்தலன்னா நூற்புக்கு ஆகாது, ரெண்டு வெட்டும் சேந்தே ஒரு நல்ல வெட்டோட காசு வராது. கடுங்குளிர் முடிஞ்சு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இருக்கிற இடைக்காலம்தான் ஆட்டுக்கும் நமக்கும் சௌகரியம்.

சினை ஆடு இருந்தா கணக்கு கொஞ்சம் மாறும். குட்டி போடறதுக்கு 4ல இருந்து 6 வாரம் முன்னாடி வெட்டிட்டா நிறைய நன்மை இருக்கு. மடி சுத்தமா இருக்கும், குட்டிக்கு காம்பு சீக்கிரம் கிடைக்கும், தாய்க்கு குளிர் தெரியறதால அதுவே ஒதுக்குப்புறமா போய் படுக்கும், குட்டியும் அங்கயே இருக்கும். கம்பளிக்கும் ஒரு லாபம் உண்டு. குட்டி போடற நேரத்து அலுப்புல முடி அந்த இடத்துல மட்டும் மெலிஞ்சு வளரும், அந்த மெலிவு முடியோட நடுவுல விழுந்தா இழுக்கும்போது ரெண்டா அறுந்துபோகும், ஆனா இப்படி முன்னாடியே வெட்டிட்டா அது அடுத்த வெட்டோட நுனிப்பக்கம் போய் விழுந்துடும், நடு முழுசா நிக்கும். நிறைமாசத்துல கடைசி ரெண்டு மூணு வாரத்துல மட்டும் கை வெக்காதீங்க, புரட்டி உக்கார வெக்கிறதே வயித்துல இருக்கிறதுக்கு ஆபத்து.

முந்தின நாளே செய்ய வேண்டியது

ஆடு காஞ்சிருக்கணும். இத எத்தனை தடவ சொன்னாலும் பத்தாது. நனைஞ்ச கம்பளிய வெட்டி மூட்டை கட்டினா உள்ள சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும், மஞ்சளாகும், அந்த மஞ்சள் எந்த சோப்புக்கும் போகாது. ஈர ஆட்ட நாள் பூரா வெட்டுறவங்களுக்கு உடம்புல கொப்புளமும் வரும். ராத்திரி பனி விழுற இடமா இருந்தா முந்தின சாயங்காலமே கூரைக்கு கீழ கட்டிடுங்க. காலையில கம்பளிய பிரிச்சு தோலு கிட்ட புறங்கையை வெச்சுப் பாருங்க, சில்லுன்னு தெரிஞ்சா காத்திருங்க.

வயிறு காலியா இருக்கணும். பெரிய ஆட்டுக்கு வெட்டுக்கு முன்னாடி 12 மணி நேரத்துக்கு குறையாம தீனிய நிறுத்திடணும், பொதுவா ராத்திரி பட்டினி போட்டு காலையில வெட்டுறதுதான் வழக்கம். வயிறு நிறைஞ்ச ஆட்ட உக்கார வெச்சா வயிறு நெஞ்ச அமுக்கி மூச்சு முட்டும், அதனாலதான் உதைக்கும், நாம ஆட்டுக்கு திமிருன்னு நினைச்சுக்குவோம். காலி வயிறா இருந்தா புழுக்கையும் மூத்திரமும் கம்பளி மேல விழாது. சினை ஆட்டுக்கு இந்தப் பட்டினி நேரத்த நல்லா குறைச்சுக்கணும், ரொம்ப நேரம் காயப்போட்டா அதுக்கு ரத்தத்துல சர்க்கரை இறங்கி படுத்துடும்.

வரிசைய மனசுல வெச்சுக்கங்க. வெள்ளை ஆடு முதல்ல, கறுப்பும் பழுப்பும் கடைசியில, ஏன்னா வெள்ளைக் கம்பளியில நாலு கறுப்பு முடி கலந்தா கூட வெளிர் நிறத்துணிக்கு அது ஆகாது. அதுக்குள்ளயே இளசு முதல்ல, கெழடு பின்னாடி. இது கம்பளிக்காக இல்ல, நோய்க்காக. நிணநீர் முடிச்சுல சீழ்க்கட்டி வர்ற நோய் ஒண்ணு இருக்கு, வயசான ஆட்டுல அதிகம், கட்டி மேல மெஷின் பட்டு உடைஞ்சா அந்த சீழ் சீப்புல ஒட்டி அடுத்தடுத்த ஆட்டு காயம் வழியா உள்ள போயிடும். கட்டி இருக்கிற ஆட்ட எல்லாத்துக்கும் கடைசியா வெட்டி, கருவிய கிருமிநாசினியில போட்டு எடுங்க.

இன்னொண்ணு, காரணம் தெரியாம திடீர்னு செத்த ஆட்டோட கம்பளிய வெட்டவே வெட்டாதீங்க. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயோட கிருமி கம்பளியில வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும், 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு ஆலைகள்ல கம்பளி பிரிச்ச தொழிலாளிங்க அந்தத் தூச சுவாசிச்சே செத்தாங்க, கம்பளி பிரிக்கிறவன் நோய்னே அதுக்கு பேர் இருந்துச்சு.

கருவி

ரெண்டு வழி இருக்கு. கைக்கத்தரி, அதாவது அடியில ஸ்ப்ரிங் மாதிரி வளைஞ்ச ஒரே இரும்புல செஞ்ச பெரிய கத்தரி. இல்லன்னா மோட்டார்ல ஓடுற மெஷின். நாலஞ்சு ஆடு வெச்சிருக்கிறவங்களுக்கு கத்தரியே போதும், கரண்ட் வேண்டாம், சத்தம் இல்ல, தோல் மேல கொஞ்சம் அதிக முடிய விட்டுட்டு வெட்டுறதால குளிர் இடத்துல ஆட்டுக்கு பாதுகாப்பு. கத்தரி மெதுவுன்னு நினைக்காதீங்க, 1892ல குயின்ஸ்லாந்துல ஜாக் ஹோவ்ங்கிறவர் கைக்கத்தரியாலயே 7 மணி 40 நிமிஷத்துல 321 ஆடு வெட்டியிருக்கார். நமக்கு அந்த வேகம் தேவையே இல்ல, கத்தரியால என்ன முடியும்னு தெரிஞ்சுக்கத்தான் சொன்னேன்.

மெஷின்ல கீழ இருக்கிறது சீப்பு, தோல் மேல வழுக்கிட்டுப் போறது அதுதான். மேல இருக்கிறது கட்டர், அதுதான் பக்கவாட்டுல ஓடி வெட்டுது. கட்டரோட முனை, சீப்புப் பல்லு சரிய ஆரம்பிக்கிற இடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் பின்னாடியே நிக்கணும், முன்னாடி தள்ளி மாட்டினா தோல கடிச்சுடும். டென்ஷன் திருகை ரொம்ப இறுக்கினா சூடேறி கட்டர் மழுங்கும், ரொம்ப தளர்த்தினா வெட்டாம முடிய மெல்லும். வெட்டுற சத்தம் மாறுனாலே நிறுத்திப் பாருங்க. ஒவ்வொரு ஆட்டுக்கும் நடுவுல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, சீப்ப கன்னத்துல வெச்சுப் பாத்தா பொறுக்க முடியாத சூடுன்னா ஆட்டுத் தோலுக்கும் அப்படித்தான். மழுங்கின கட்டர வெச்சு முக்கி முக்கி வெட்டாதீங்க, சாணை பிடிச்ச கட்டர் ரெண்டு மூணு எப்பவும் கையில இருக்கட்டும். நாய்க்கும் மாட்டுக்கும் விக்கிற சின்ன டிரிம்மர் கம்பளிக்குள்ள போகாது, கம்பளியில இருக்கிற மெழுகுல அடைச்சுக்கும், அந்தக் காச மிச்சம் பண்ணுங்க.

தரைக்கு ஒரு பிளைவுட் பலகை போதும், வழுக்கக்கூடாது, ஒவ்வொரு ஆட்டுக்கும் பெருக்கணும். வைக்கோல் மேல, மண்ணு மேல வெச்சு வெட்டினா அந்த வைக்கோல் பூரா கம்பளிக்குள்ள போயிடும். காயத்துக்கு போட ஈ விரட்டுற ஸ்ப்ரேயும், ஒரு வளைஞ்ச ஊசியும் நூலும் பக்கத்துல இருக்கட்டும்.

வெட்டுற முறை

வலது கைக்காரங்களுக்கு சொல்றேன். நியூசிலாந்துல போவன் சகோதரர்கள் 20ஆம் நூற்றாண்டு நடுவுல ஒழுங்குபடுத்தின வரிசைதான் இப்போ உலகம் பூரா கிட்டத்தட்ட எல்லாரும் பின்பத்துறது. அதோட அடிப்படை ரொம்ப சிம்பிள். இடது கை தோல இழுத்து விறைப்பா வெக்கும், வலது கை மெஷின ஓட்டும், கால்தான் ஆட்டப் பிடிக்கும். புதுசா வர்றவங்க கையால ஆட்ட அமுக்கிப் பிடிக்கப் பாப்பாங்க, அங்கதான் எல்லாமே தப்பாகும். ஆட்டோட நாலு காலும் தரைய தொடாம சாய்ஞ்சு உக்காந்தா அது தானா அடங்கிடும், ஒரு கால் தரையில ஊணினாலும் எழுந்திரிக்கப் பாக்கும்.

உக்கார வெக்கிறது இப்படி. ஆட்டோட இடது பக்கம் நில்லுங்க. இடது கைய தாடைக்கு கீழ கொடுத்து தலைய அதோட வலது தோள் பக்கமா திருப்புங்க, வலது கைய வலது இடுப்புல வெச்சு உங்க பக்கமா அழுத்திட்டே ஒரு அடி பின்னாடி போங்க. பின்னங்கால் மடங்கி உக்காந்துடும். கம்பளியப் பிடிச்சு தூக்காதீங்க, தோலுக்கு அடியில ரத்தம் கட்டும். வால் எலும்பு மேல நேரா உக்கார வெக்காம லேசா ஒரு பக்க இடுப்பு மேல சாய்ச்சு, முதுக உங்க முட்டி ரெண்டுக்கும் நடுவுல வாங்கிக்குங்க.

முதல்ல வயிறு. நெஞ்செலும்புல ஆரம்பிச்சு கீழ தொடை இடுக்கு வரைக்கும் நீளமா ஓட்டுங்க. வயித்துத் தோல் மெல்லிசு, ரொம்ப கவனம் வேணும். பெட்டையா இருந்தா காம்பு ரெண்டையும் இடது உள்ளங்கையால மூடிக்கிட்டுதான் அந்தப் பக்கம் மெஷின கொண்டுபோகணும், கிடாவா இருந்தா மூத்திரம் போற உறுப்ப அதே மாதிரி மூடணும். முதல் வருஷம் நான் அவசரத்துல ஒரு பெட்டையோட காம்பு நுனிய சீவிட்டேன், அடுத்த ஈத்துல அந்தப் பக்கம் பால் இறங்கவே இல்ல, ரெண்டு குட்டியில ஒண்ண புட்டி பாலுலதான் வளத்தோம். இன்னைக்கு வரைக்கும் காம்ப மூடாம நான் மெஷின ஆன் பண்ணுறது இல்ல. வயித்து முடிய அப்பவே தனியா எடுத்து ஓரமா போட்டுடுங்க.

அடுத்து தொடை இடுக்கையும் ரெண்டு பின்னங்காலோட உள்பக்கத்தையும் சுத்தம் பண்ணிட்டு, இடது பின்னங்கால் வெளிப்பக்கம். தொடை முட்டிக்கு மேல இடது கையால அழுத்தினா கால் தானா நீளும், தோல் விறைக்கும், கால்ல இருந்து மேல முதுகெலும்பு பக்கம் ஓட்டுங்க. கணுக்காலுக்கு மேல பின்பக்கம் ஓடுற தசைநார் தோல ஒட்டியே இருக்கும், அது வெட்டுப்பட்டா ஆடு நொண்டியாயிடும். அங்க இருந்து வால் மேலயும், முதுகெலும்ப தாண்டி ஒரு சீப்பு அகலமும் எடுத்துடுங்க, பின்னாடி வேலை சுலபமாகும்.

அப்புறம் கழுத்து, எல்லாத்துலயும் பயமான இடம். ஆட்ட நிமிர்த்தி, தலைய பின்னாடி சாய்ச்சு மோவாய மேல தூக்குங்க. நெஞ்சுல இருந்து கம்பளிக்கு அடியில சீப்ப விட்டு தொண்டை வழியா தாடை வரைக்கும் ஒரே ஓட்டம், சட்டை ஜிப்ப திறக்கிற மாதிரி கம்பளி ரெண்டா பிரியும். தோல் கொஞ்சமும் சுருங்காம இழுத்துப் பிடிச்சாத்தான் இது நடக்கும், அங்க பெரிய ரத்தக்குழாய் ஓடுது. மெரினோ மாதிரி மடிப்புத் தோல் ஆட்டுக்கு ஒவ்வொரு மடிப்பையும் விரிச்சு விரிச்சு போங்க. தொண்டை திறந்ததும் இடது கன்னம், காதுக்குப் பின்னாடி, இடது கழுத்து, இடது தோள், முன்னங்கால்.

இப்போ ஆட்ட வலது பக்கமா படுக்க வெச்சு, உங்க வலது பாதத்த பின்னங்கால் ரெண்டுக்கும் நடுவுலயும், இடது பாதத்த தோளுக்கு அடியிலயும் கொடுத்து, வால்ல இருந்து தலை வரைக்கும் முதுகோட நீளத்துக்கு ஒரே ஓட்டமா ஓட்டுங்க. நல்ல கம்பளி பூரா இங்கதான் இருக்கு, முடி ஒரே நீளத்துல வர்றதும் இங்கதான், அதனால சீப்பு முழு அகலமும் நிரம்புற மாதிரி, தோல் மேல படிஞ்ச மாதிரி, நிறுத்தாம போங்க. முதுகெலும்ப தாண்டி இன்னொரு ஓட்டம் வரைக்கும் எடுத்துட்டு, தலைய தூக்கி உங்க காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு வலது கன்னம், வலது கழுத்து, வலது தோள்னு மேல இருந்து கீழ இறங்கி, விலா வழியா வலது பின்னங்கால்ல முடிங்க. கம்பளி பூரா ஒரே போர்வை மாதிரி கழண்டு கிடக்கும்.

வெட்டும்போது ஒரு இடத்துல கரை மாதிரி கொஞ்சம் முடி நின்னுபோச்சுன்னா திரும்பி அதே இடத்துல மெஷின ஓட்டாதீங்க. இத செகண்ட் கட்னு சொல்லுவாங்க. ஆடு வழவழன்னு அழகா தெரியும், ஆனா அந்த ஒரு சென்டிமீட்டர் துண்டு முடி பூரா நல்ல கம்பளிக்குள்ள விழுந்து கலந்துடும், நூற்கும்போது ஒவ்வொரு துண்டும் முடிச்சு முடிச்சா நிக்கும், பொறுக்கவும் முடியாது. கோடு கோடா இருக்கிற ஆடு ரெண்டு வாரத்துல சரியாயிடும், செகண்ட் கட் விழுந்த கம்பளி சரியாகவே ஆகாது.

முதல் நாள் ஒரு ஆட்டுக்கு முக்கா மணி நேரம் ஆனாலும் கவலைப்படாதீங்க, இடுப்பு வலிச்சா நிறுத்துங்க. ஆடு மூச்சு வாங்கினா எழுப்பி விட்டுட்டு அப்புறம் தொடருங்க.

வெட்டின உடனே ஆட்டுக்கு

ஒவ்வொரு ஆட்டையும் விடுறதுக்கு முன்னாடி கைய ஓட்டி காயம் தேடுங்க. சின்ன கீறலுக்கு ஸ்ப்ரே போதும், தோல் பிளந்து விரிஞ்சிருந்தா தையல் வேணும், கைப்பழக்கம் இல்லன்னா கால்நடை டாக்டர கூப்பிடுங்க. ரணஜன்னி ஊசி போடாத மந்தைன்னா வெட்டுக்கு முன்னாடியே போட்டு வெக்கிறது நல்லது. பேனுக்கு மருந்து போடறதுக்கும் இத விட நல்ல நேரம் இல்ல, முடி இல்லாததால கொஞ்ச மருந்துலயே தோல் பூரா படும். மருந்து அட்டையில வெட்டுக்கு அப்புறம் எத்தனை நாளைக்குள்ள போடணும்னு எழுதியிருக்கும், அதப் பாத்துக்கங்க.

அடுத்த ரெண்டு வாரம்தான் ஆபத்தான நேரம். குளிர் காத்தும் மழையும் சேந்து வந்தா அப்போதான் வெட்டின ஆடு கூட்டமா விறைச்சு சாகும், வெறும் குளிர விட நனைஞ்ச உடம்புல அடிக்கிற காத்துதான் கொல்லும். ஒதுங்க இடமும், வழக்கத்த விட கூடுதல் தீனியும் கொடுங்க. கடும் வெயில்னா வெள்ளைத் தோல் வெந்துபோகும், நிழல் வேணும்.

கம்பளிய பிரிக்கிறது

கம்பளிய விரிச்சுப் போட கம்பி வலையோ இடைவெளி விட்ட சட்டமோ வெச்ச மேசை ஒண்ணு பண்ணிக்குங்க. வெட்டுப்பக்கம் கீழ இருக்கிற மாதிரி வீசி விரிச்சு லேசா உதறினா செகண்ட் கட்டும் தூசும் இடைவெளி வழியா கீழ கொட்டிடும். அப்புறம் ஓரத்த சுத்தி வந்து பிய்ச்சு எடுங்க. புழுக்கை ஒட்டினது, மூத்திரக்கறை பட்டது, கழுத்துல வைக்கோலும் விதையும் ஏறினது, கால் பக்கத்து முரட்டு முடி எல்லாம் வெளிய வரணும். எவ்ளோ எடுக்கிறதுன்னு கேப்பாங்க, கெட்டது மட்டும் போகட்டும், பயந்து நல்லதையும் சேத்து பிய்ச்சா அதுவும் நட்டம்தான்.

கடைசியில நாலு குவியல் இருக்கணும். முதுகும் விலாவும் சேந்த முழு கம்பளி, வயித்து முடி, ஓரத்துல பிய்ச்ச துண்டு, கறையும் புழுக்கையும். கறுப்பு எப்பவும் தனி. வாங்குறவர் மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு பிடி எடுத்துப் பாப்பார், அந்தப் பிடியில மோசமானது வந்தா மூட்டை பூராவுக்கும் அந்த விலைதான் போடுவார். எனக்கே ஒரு தடவ அப்படி நடந்துச்சு, மூட்டையோட வாய கட்டின பிளாஸ்டிக் சணல் ஒரு சாண் உள்ள விழுந்திருக்கு, அது ஒண்ணுக்காக மொத்த மூட்டையும் கழிவு விலைக்கு போச்சு. அன்னைக்கு கோவம் வந்துச்சு, பின்னாடி யோசிச்சா அவர் செஞ்சது சரிதான். அந்த பிளாஸ்டிக் நார் மெஷின்ல ஆயிரம் இழையா பிரிஞ்சு, சாயமும் ஏறாம, நெசவு முடிஞ்சு துணி வெளிய வந்த பிறகுதான் கண்ணுக்கே தெரியும். கொட்டகையில பிளாஸ்டிக் கயிறே இருக்கக்கூடாது. ஆட்டு மேல அடையாளத்துக்கு தார், ஆயில் பெயின்ட் அடிக்கிறதும் இதே கணக்குதான், கழுவினா போற மார்க்கர மட்டும் பயன்படுத்துங்க.

என்ன பாத்து விலை போடுறாங்க

முதல்ல தடிமன், அதாவது இழையோட குறுக்களவு. மைக்ரான்ல சொல்லுவாங்க, ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மனுச தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். மெரினோ 24க்கு கீழ, ரொம்ப நேர்த்தியானது 18க்கும் கீழ போகும். 30 மைக்ரான தாண்டின இழை தோலுல குத்தும், ஒரு துணியில 20 இழைக்கு ஒண்ணுக்கு மேல இப்படி இருந்தாலே நிறைய பேருக்கு அரிக்கும், அதனாலதான் மென்மைக்கு இவ்ளோ விலை வித்தியாசம். 25ல இருந்து 31 வரைக்கும் ஸ்வெட்டர், பின்னல் நூல், அதுக்கு மேல கார்ப்பெட், கம்பளம், ஃபெல்ட் (நெய்யாம அமுக்கிப் பிணைச்ச கெட்டித் துணி). இது இனத்தப் பொறுத்தது, வெட்டுற நேரத்துல மாத்த முடியாது, ஆனா உங்க ஆடு எந்த வகைன்னு தெரிஞ்சுக்கிட்டா தப்பான ஆள்கிட்ட போய் ஏமாற வேண்டாம்.

அடுத்தது பலம். ஒரு சின்ன கொத்து எடுத்து ரெண்டு முனையையும் பிடிச்சு காதுகிட்ட வெச்சு டக்குன்னு இழுங்க. டங்னு நரம்பு மாதிரி சத்தம் வந்தா நல்லது, படபடன்னு நொறுங்கின சத்தம் வந்தாலோ ஒரே இடத்துல அறுந்தாலோ அந்த வருஷம் ஆட்டுக்கு காய்ச்சலோ தீனி பஞ்சமோ வந்திருக்குன்னு அர்த்தம். கம்பளிய பாத்தே ஆட்டோட ஒரு வருஷத்த படிக்கலாம், எனக்கு இந்த வேலையில ரொம்ப பிடிச்ச விஷயம் அதுதான். நுனியில இருந்து அடி வரைக்கும் எந்த இடத்துல மெலிஞ்சிருக்குன்னு பாத்து, எந்த மாசம் தீனிய கோட்டை விட்டோம்னு கணக்கு போட்டு, அடுத்த வருஷம் திருத்திக்கலாம்.

மூணாவது, எடைக்குள்ள எவ்ளோ நிஜ கம்பளின்னு பாக்கணும். கழுவாத கம்பளியில இழையோட சேத்து லானோலின் மெழுகு, வியர்வை உப்பு, மண்ணு, விதை, முள்ளு எல்லாம் இருக்கும், கழுவினா பாதிக்கு பாதி கூட போயிடலாம். 4 கிலோ மூட்டையில 45 சதவீதம் தேறினா 1.8 கிலோ, 3 கிலோ மூட்டையில 60 சதவீதம் தேறினாலும் அதே 1.8 கிலோதான். எடை கூடட்டும்னு மண்ணோட விக்கிறதுல லாபமே இல்ல, ஆலைக்காரங்க தேறுற கம்பளிக்குத்தான் கணக்கு போடுவாங்க.

இத வீட்டுலயே பாக்கலாம். 100 கிராம் எடைபோட்டு வலைப்பையில போட்டு, 60 டிகிரி அளவு சூட்டுல தண்ணியும் கொஞ்சம் பாத்திரம் கழுவுற திரவமும் கலந்து ஊறவிடுங்க. லானோலின் 40 டிகிரிக்கு பக்கத்துலதான் உருகும், அதனால தண்ணி ஆறுறதுக்குள்ள எடுத்துடணும், ஆறினா மெழுகு திரும்பி இழையிலயே ஒட்டிக்கும். கசக்காதீங்க, கிளறாதீங்க, சுடுதண்ணியில இருந்து பச்சைத் தண்ணிக்கு சட்டுன்னு மாத்தாதீங்க, பின்னிக்கிட்டு ஃபெல்ட் ஆயிடும். ரெண்டு தடவ சோப்பு, ரெண்டு தடவ வெறும் சுடுதண்ணி, நிழல்ல காயவெச்சு மறுபடி எடை போடுங்க. வர்ற கிராம்தான் உங்க சதவீதம்.

இதெல்லாம் சரியா செஞ்சாலும் சந்தை நம்ம கையில இல்ல. ஆஸ்திரேலியாவுல கம்பளிக்கு குறைந்தபட்ச விலை வெச்சு, அதுக்கு கீழ போனா அவங்களே வாங்கி அடுக்குற திட்டம் ஒண்ணு இருந்துச்சு, 1991ல அது உடைஞ்சப்போ 47 லட்சம் பேல் (அமுக்கிக் கட்டின பெரிய கம்பளி மூட்டை) கிட்ட தேங்கி நின்னுச்சு, அத வித்து முடிக்கவே பத்து வருஷம் ஆச்சு. செயற்கை இழை வந்த பிறகு உலகத்துல நெய்யுற மொத்த இழையில கம்பளி 1 சதவீதம் அளவுலதான் நிக்குது. மென்மையான கம்பளிக்கு இன்னும் ஆள் இருக்கு, முரட்டுக் கம்பளிக்கு ஆலைக் கதவு பாதி மூடிடுச்சு.

அதனால முரட்டுக் கம்பளிக்காரங்க ஆலைய மட்டும் நம்ப வேண்டாம். கையால நூற்கிறவங்க, ஃபெல்ட் செய்யிறவங்க முழு கம்பளியா, சுத்தமா, இனமும் வெட்டின தேதியும் எழுதி வெச்சிருந்தா மொத்த வியாபாரிய விட பல மடங்கு கொடுத்து வாங்குவாங்க, கறுப்பும் பழுப்பும் அவங்களுக்குத்தான் பிடிக்கும். கம்பளி சுலபமா தீப்பிடிக்காது, பிடிச்சாலும் உருகி ஒட்டாம தானா அணையும், தன் எடையில 30 சதவீதம் ஈரத்த உறிஞ்சியும் தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும், அதனால கழுவின முரட்டுக் கம்பளி மெத்தைக்கும் சுவர் தடுப்புக்கும் நல்லா ஆகும். எதுக்குமே தேறாத புழுக்கைக் குவியல மண்ணுல போடுங்க. கம்பளி பூரா புரதம், மெதுவா மக்கி தழைச்சத்து விடும், மரத்தடியில ஒரு கை கனத்துக்கு பரப்பி மேல கொஞ்சம் மண்ணு போட்டா ஈரமும் காக்கும், களையும் வராது. எரிச்சா நாத்தம் மட்டும்தான் மிச்சம்.

வெச்சிருந்து விக்கிறதா இருந்தா துணிப்பையிலயோ பேப்பர் பையிலயோ போட்டு, தரைய விட்டு மேல, எலி ஏறாத இடத்துல வையுங்க. பிளாஸ்டிக் பையில வியர்த்து பூஞ்சை பிடிக்கும். அந்துப்பூச்சிக்கு இருட்டும் அழுக்கும்தான் பிடிக்கும், மாசம் ஒரு தடவ பையத் திறந்து வெளிச்சத்துல ஒரு உதறு உதறுங்க, மணல் மாதிரி பொடியோ மெல்லிசா வலையோ தெரிஞ்சா அந்தப் பைய மட்டும் அன்னைக்கே வெளிய எடுத்துடுங்க. ஒவ்வொரு பையிலயும் ஆட்டு நம்பர், வெட்டின தேதி, எடை, எந்தக் குவியல்னு பென்சில்ல எழுதின துண்டுச் சீட்டு ஒண்ணு போடுங்க, பேனா மை ஊறி கம்பளியில கறையாகும்.